தோத்தா ஒரு ரூபாய்: வாரம் 4 மணி நேரம் ஃபைட்டிங் கேம் ஆடுறவங்களுக்கு என் கணக்கு



எஸ்.ஐ.பி. பத்தி போன மாசம் வீடியோ போட்டதும் ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். சுருக்கமா இதுதான்: "அண்ணா, எனக்கு 34 வயசு. ஐ.டி. வேலை, ரெண்டு சின்னப் பசங்க. ஆபீஸ், டிராஃபிக், ஹோம்வொர்க் எல்லாம் போக வாரத்துக்கு 4 மணி நேரம்தான் எனக்குன்னு மிஞ்சுது. அதுல ஆன்லைன்ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஆடுறேன். ரேங்க் ஏறவே மாட்டேங்குது. அந்த 4 மணி நேரத்துல டிரேடிங் கத்துக்கிட்டா மாசம் 20,000 பாக்கலாமேன்னு கூட வேலை பாக்கிறவங்க சொல்றாங்க. கேமை விட்டுடட்டுமா?"

பணத்தைப் பத்திப் பேசுற சேனல் நடத்துறவன் என்ன பதில் சொல்வான்னு உங்களுக்கே தெரியும். "நேரம்தான் பணம் தம்பி, கேமைத் தூக்கிப் போடு, சைடு இன்கம் தேடு." நான் அதைச் சொல்லப் போறதில்ல. ஏன்னா இதே பண்டமாற்றை நான் ஒரு தடவை பண்ணிப் பாத்துட்டேன். எனக்கு ஆன செலவு 1,37,000 ரூபாய்.

கேமை விட வேண்டாம் தம்பி. ஆனா நீங்க இப்ப ஆடுற மாதிரியும் ஆட வேண்டாம். ஏன்னு சொல்றேன்.

ஜாம்பஜார் பக்கத்து டோக்கன்

நான் ராயப்பேட்டையிலேயே பொறந்து வளர்ந்தவன். 90-கள்ல ஜாம்பஜார் பக்கம் ஒரு சந்துல வீடியோ கேம் கடை இருந்தது. நாலு மெஷின், ஒரு ஃபேன், வாசல்ல செருப்புக் குவியல். ஒரு ரூபாய்க்கு ஒரு டோக்கன். ஒரு மெஷின்ல 'முஸ்தஃபா'ன்னு நாங்க கூப்பிட்ட டைனோசர் கேம், இன்னொண்ணுல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2.

இந்த வகை கேம் தெரியாதவங்களுக்காக ஒரு வரி: ரெண்டு பேர் எதிரும் புதிருமா நின்னு அடிச்சுக்கிறது. அடிக்கணும், தடுக்கணும், எதிராளி அடுத்து என்ன பண்ணுவார்னு ஊகிக்கணும். ஒரு ரவுண்டு ஒண்ணரை நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். பாக்க சத்தமா இருந்தாலும் உள்ளுக்குள்ள செஸ் மாதிரிதான்.

அந்தக் கடையில விதி ஒண்ணே ஒண்ணு. ஜெயிச்சவன் மெஷினை விட்டு நகர மாட்டான். தோத்தவன் எழுந்து போகணும். திரும்ப ஆடணும்னா இன்னொரு ரூபாய். எனக்கு வாரத்துக்குக் கிடைச்சது மூணு ரூபாய். அதனால ஒவ்வொரு டோக்கனும் போடுறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் மத்தவங்க ஆடுறதை வேடிக்கை பாப்பேன். எவன் எப்ப குதிக்கிறான், எப்ப பயந்து தடுக்கிறான்னு மனசுல குறிச்சுக்குவேன். மூணு டோக்கனும் போச்சுன்னா வீட்டுக்குப் போயிடணும். அவ்ளோதான். கெஞ்சினாலும் கடைக்காரர் விட மாட்டார்.

அன்னைக்கு அது எனக்குக் கொடுமையா தெரிஞ்சது. இன்னைக்கு யோசிச்சா, அந்தக் கடை எனக்கு ரெண்டு விஷயத்தை இலவசமா கொடுத்திருக்கு. ஒண்ணு பட்ஜெட், இன்னொண்ணு ஸ்டாப் லாஸ்.

இப்ப ஆன்லைன்ல என்ன ஆச்சு? கேமை ஒரு தடவை வாங்கிட்டா அடுத்த ஆட்டம் இலவசம். தோத்தா எழுந்து போக வேண்டாம். திரையில 'ரீமேட்ச்'னு ஒரு பட்டன் நிக்குது. பின்னாடி வரிசையில நின்னு "டேய், எழுந்திரு"ன்னு சொல்ல யாரும் இல்ல. காசுதான் அன்னைக்கு நம்ம நேரத்துக்குப் பூட்டா இருந்தது. பூட்டைக் கழட்டிட்டாங்க. வாரத்துல 40 மணி நேரம் கையில இருக்கிற காலேஜ் பையனுக்கு இது வரம். 4 மணி நேரம் இருக்கிற நமக்கு இதுதான் பிரச்சினையே.

நான் பண்ணின "பிரயோஜனமான" காரியம்

2020 லாக்டவுன்ல நான் திரும்ப ஃபைட்டிங் கேம் ஆட ஆரம்பிச்சேன். முதல்ல பத்து மணிக்கு உக்காந்து பதினொண்ணுக்கு எழுந்திருப்பேன். அப்புறம் பன்னெண்டு. அப்புறம் ஒன்றரை. ஜெயிச்ச நாள்ல சீக்கிரம் தூங்கிடுவேன். தோத்த நாள்லதான் லேட் ஆகும். "ஒரே ஒரு ஜெயிப்போட முடிச்சிடலாம்"னு உக்காந்தா அந்த ஒண்ணு வரவே வராது. கண்ணு எரியுது, கை வேகம் குறைஞ்சிடுச்சு, இன்னும் தோக்கிறேன், இன்னும் உக்காந்திருக்கேன்.

2022-ல் வீட்டம்மா உக்காரவெச்சுப் பேசினாங்க. பொண்ணுக்கு அப்ப மூணு வயசு. காலையில அவளை ஸ்கூலுக்குக் கிளப்புற நேரத்துல நான் எரிஞ்சு விழுறேன்னாங்க. உண்மைதான். கேமை அழிச்சேன். கன்ட்ரோலரை பீரோ மேல தூக்கிப் போட்டேன்.

அதோட விட்டிருந்தா பரவாயில்ல. "இனிமே நேரத்தை வீணடிக்கக் கூடாது, பணமாக்கணும்"னு ஆப்ஷன் டிரேடிங்ல இறங்கினேன். யாரும் என்னைக் குறை சொல்லல. அதுதான் வேடிக்கை. கேம் ஆடினா பொறுப்பில்லாதவன், ஆப்ஷன் ஆடினா உழைப்பாளி. மதிய சாப்பாட்டு நேரத்துல மொபைல், எக்ஸ்பைரி நாள்ல ஆபீஸ் பாத்ரூம்ல மொபைல். நஷ்டம் வந்தா அதை எடுத்துட்டுத்தான் எழுந்திருப்பேன்னு அடுத்த லாட். கேம்ல ராத்திரி ஒன்றரை மணிக்கு 'ரீமேட்ச்' அழுத்தின அதே கட்டைவிரல்தான்.

ஏழு மாசம். 1,37,000 ரூபாய். பொண்ணு ஸ்கூல் ஃபீஸுக்குன்னு போட்டு வெச்சிருந்த ஆர்.டி.யை உடைச்சேன். வீட்டுல சொல்றதுக்கு எனக்கு இன்னும் ரெண்டு வாரம் ஆச்சு. சொன்னப்ப அவங்க கத்தல. "கேம் ஆடினப்போ தூக்கம்தான் போச்சு. இப்ப ஃபீஸும் போச்சு"ன்னு மட்டும் சொன்னாங்க.

இந்தச் சேனல்ல எத்தனையோ வீடியோ போட்டிருக்கேன். அந்த ஒரு வரி அளவுக்கு எதையும் தெளிவா சொன்னதில்ல.

எதிர்ல உக்காந்திருக்கிறது யாரு?

தம்பி, "கேமுக்குப் பதிலா டிரேடிங்"னு சொல்ற உங்க நண்பர்கள் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனிக்கல. ரெண்டு இடத்துலயும் உங்க எதிராளி யார்னு பாருங்க.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் ரேங்க் ஆட்டம் எப்படி நடக்குது? ரூக்கியில ஆரம்பிச்சு அயர்ன், பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைமண்டு, மாஸ்டர்னு படி. நீங்க சில்வர்னா எதிர்ல வர்றவரும் கிட்டத்தட்ட சில்வர்தான். நீங்க ஏறினா அவங்களும் பலமா வருவாங்க. அதனால எவ்ளோ நல்லா ஆடினாலும், உங்களுக்கு ஏத்த ரேங்க் வந்ததும் உங்க வெற்றி 50% பக்கத்துலயே நிக்கும். பாதி ஆட்டம் தோக்கிறது உங்க தோல்வி இல்ல. கணக்கு சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

இப்ப எஃப் அண்ட் ஓ-வைப் பாருங்க. அங்க ரூக்கிக்கு ரூக்கி கிடையாது. முதல் நாள், முதல் லாட், எதிர்ல பெரிய நிறுவனத்தோட கம்ப்யூட்டர். செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வு சொல்றது இது: 2021-22 முதல் 2023-24 வரை மூணு நிதியாண்டுல, பங்குச் சந்தை எஃப் அண்ட் ஓ-வில் இறங்கின ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்கள்ல 93% பேருக்கு நஷ்டம். செலவுகளையும் சேர்த்து சராசரியா ஆளுக்கு 2 லட்சம் ரூபாய். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல.

அதே ஆய்வுல இன்னொரு பக்கமும் இருக்கு. 2023-24-ல் மட்டும், செலவுகளைக் கழிக்கிறதுக்கு முன்னாடி, சொந்தக் கணக்குல வர்த்தகம் பண்ற நிறுவனங்களுக்கு சுமார் 33,000 கோடி லாபம். வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுக்கு சுமார் 28,000 கோடி. அந்த லாபத்துல 96, 97 சதவீதம் அல்காரிதம் மூலமா வந்தது. அதாவது வெள்ளை பெல்ட் கட்டின புதுப் பையனை முதல் நாளே மாஸ்டரோட மேடையில ஏத்தி விடுறாங்க. அதுவும் அவன் வீட்டுக் காசை வெச்சு.

"வாரம் 4 மணி நேரத்துல கத்துக்கலாம்"னு இதை யாராவது சொன்னா, அவர் பழகுற சந்தை வேற, செபி பாத்த சந்தை வேற.

மணிக்கு எவ்வளவு? ஒரு கணக்கு

பொழுதுபோக்குக்கு ஆகுற செலவை மொத்தமா பாக்காதீங்க. மணிக்கு எவ்வளவுன்னு பாருங்க. வாரம் 4 மணி நேரம்னா வருஷத்துக்கு 208 மணி நேரம். புதுசா கன்சோல் வாங்கி ஆடுற ஒருத்தருக்கு ஒரு தோராயக் கணக்கு போடுவோம். விலை எல்லாம் என் அனுமானம். உங்க பில்லைப் பாத்து மாத்திக்கோங்க.

- கன்சோல் 50,000 ரூபாய், 6 வருஷம் ஓடும்னு வெச்சா: வருஷத்துக்கு 8,333
- தள்ளுபடியில வாங்கின கேம்: 2,000
- ஆன்லைன்ல ஆட வருஷச் சந்தா: 4,000
- புது ஆட்டக்காரர்களுக்கான பாஸ்: 2,000
- கரண்ட்: 200 வாட், 208 மணி நேரம், சுமார் 42 யூனிட். யூனிட் 6 ரூபாய்னா: 250

மொத்தம் 16,583. மணிக்கு 80 ரூபாய். வீட்டுல ஏற்கெனவே கேம் ஓடுற கம்ப்யூட்டர் இருந்தா கன்சோலும் சந்தாவும் கழிஞ்சிடும். அப்ப மணிக்கு 20 ரூபாய்தான். தியேட்டருக்குப் போனா டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் சேர்த்து ஒரு ஆளுக்கு 400, இரண்டரை மணி நேரம். மணிக்கு 160.

ஆக, இது விலை உயர்ந்த பொழுதுபோக்கே இல்ல. ஆப்ஷன்ல நான் விட்ட 1,37,000-க்கு, புதுக் கன்சோலோட எட்டு வருஷம் ஆடியிருக்கலாம்.

ஆனா அதே கணக்கைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. இத்தனையும் வாங்கி வெச்சுட்டு வருஷத்துல 40 மணி நேரம்தான் ஆடினீங்கன்னா? மணிக்கு 415 ரூபாய். நேரம் இல்லாதவங்க பண்ற பெரிய தப்பு இதுதான். ஆட முடியாத ஏக்கத்தை வாங்கி வாங்கித் தீத்துக்கிறது. புது கேம், புது ஸ்டிக், புது டிரெஸ். நேரத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. ஆடின மணிக்கணக்குக்குப் பின்னாடிதான் காசு போகணும், முன்னாடி போகக் கூடாது.

காசு எங்க ஒழுகும்

ரெண்டு இடத்தைக் காட்டுறேன்.

ஒண்ணு, கேமுக்குள்ள இருக்கிற நாணயம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் ஒரு புது ஆட்டக்காரர் 350 ஃபைட்டர் காயின். நிஜக் காசுக்கு விக்கிற பேக்கோட அளவு 250, 610. 250 வாங்கினா பத்தாது, 610 வாங்கினா 260 மிஞ்சும். மிஞ்சினது கையில உறுத்திக்கிட்டே இருக்கும், அதுக்கு ஒரு டிரெஸ் வாங்கத் தோணும். நம்ம எக்ஸ்பிரஸ் அவென்யூல பசங்களைக் கூட்டிட்டுப் போய் கேம் கார்டு ரீசார்ஜ் பண்ணியிருப்பீங்க. கார்டைத் தேய்க்கும்போது அது ரூபாயா தெரியாது. அதே வித்தைதான். எதை வாங்கறதுக்கு முன்னாடியும் ரூபாய்ல எவ்வளவுன்னு பேப்பர்ல எழுதிப் பாருங்க. பாதி ஆசை அங்கேயே அடங்கிடும்.

ரெண்டு, "இதெல்லாம் என் சொத்து"ங்கிற நினைப்பு. மல்ட்டிவெர்சஸ்னு ஒரு இலவச ஃபைட்டிங் கேம். 2024 மே மாசம் பெருசா திரும்ப வந்தது. 2025 மே 30-ஆம் தேதி சர்வரை மூடிட்டாங்க. அதுல காசு கொடுத்து வாங்கினவங்களுக்கு மிஞ்சினது ஆஃப்லைன் ஆட்டம் மட்டும். கேம்ல வாங்கற எதுவும் முதலீடு இல்ல, செலவு. சினிமா டிக்கெட் மாதிரி. அப்படி நினைச்சு வாங்கினா வருத்தமே வராது.

4 மணி நேரத்தை எப்படிச் செலவு பண்றது

முதல் விஷயம், ஒரு கேம், ஒரு ஆட்டக்காரர். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனித்தனி ரேங்க். வருஷத்துக்கு நாலு புது ஆட்டக்காரர்கள் வர்றாங்க. வர்றவங்களை எல்லாம் தொட்டுப் பாத்தா, 208 மணி நேரமும் அறிமுகத்துலயே போயிடும். ஃபண்டுக்கு ஃபண்டு தாவுறவன் கதைதான்.

ரெண்டாவது, இந்த கேம்ல 'மாடர்ன்'னு ஒரு கன்ட்ரோல் முறை இருக்கு. 'கிளாசிக்' முறையில கைவிரலைச் சுழட்டிப் போட வேண்டிய அடியை, இதுல ஒரு பட்டன்ல போடலாம். அதுக்கு விலை, அப்படிப் போடுற சிறப்பு அடிகளோட பலம் 20% குறையும். சில அடிகளும் கிடைக்காது. பழைய ஆட்கள் இதைக் கிண்டல் பண்ணுவாங்க. என்னைக் கேட்டா இது இண்டெக்ஸ் ஃபண்டு. கொஞ்சம் பலத்தை விட்டுக்கொடுத்து, மாசக்கணக்குப் பயிற்சியை மிச்சம் பிடிக்கிறீங்க. மிச்சமான நேரத்துல எதிராளியைப் படிக்கலாம். நேரம் இருக்கிறவங்க தனிப் பங்கு பொறுக்கட்டும், நமக்கு இண்டெக்ஸ் போதும்.

மூணாவது, ஸ்டிக், கன்ட்ரோலருக்கு ஆயிரக்கணக்குல கொட்டுறதுக்கு முன்னாடி ஒரு லேன் கேபிள் வாங்குங்க. சில நூறு ரூபாய்தான். இந்த கேம் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடுது. ஒரு ஃப்ரேம்னா 16.67 மில்லி செகண்டு. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவுல கடலடியில போற ஐ2ஐ கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள்ள ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அப்ப ஒரு வழிக்கு 16 மில்லி செகண்டு, கிட்டத்தட்ட ஒரே ஒரு ஃப்ரேம். நிஜத்துல இன்னும் கொஞ்சம் கூடும். அந்தத் தாமதத்தை மறைக்கத்தான் 'ரோல்பேக்'னு ஒரு நுட்பம் இருக்கு. எதிராளி அடுத்து என்ன அழுத்துவார்னு ஊகிச்சு ஆட்டத்தை ஓட்டும், ஊகம் தப்பா போனா பின்னாடி போய்த் திருத்திக்கும். கடலைத் தாண்டி ஒரு ஃப்ரேம்ல வந்த சிக்னலை, ஹால்ல இருக்கிற வைஃபையில் தொலைச்சீங்கன்னா யாரைக் குத்தம் சொல்றது?

நாலாவது, வேடிக்கை பாருங்க. ஜாம்பஜார்ல நான் பண்ணினது அதுதான். மெட்ரோவுல, பஸ்ல போகும்போது உங்க ஆட்டக்காரரை நல்லா ஆடுறவங்க வீடியோவைப் பாருங்க. அது உங்க 4 மணி நேரத்துல சேராது.

"ஆன்லைன் கேமா? ரம்மியா?"

வீட்டுல பெரியவங்க இருந்தா இந்தக் கேள்வி வரும். வரணும். தமிழ்நாட்டுல ஆன்லைன் ரம்மியால எத்தனை குடும்பம் நொந்து போச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரா 2022-ல் மாநிலச் சட்டம் கொண்டு வந்தாங்க. 2025 ஆகஸ்டுல மத்திய அரசும் பணம் வெச்சு ஆடுற ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை பண்ணி சட்டம் போட்டது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸைத் தனியா வெச்சு அங்கீகரிக்குது.

வித்தியாசத்தை அம்மாவுக்குப் புரியுற மாதிரி சொல்லணும்னா: கேரம் போர்டு வாங்கறது செலவு, கேரம்ல காசு வெச்சு ஆடுறது சூது. நம்மது முதல் வகை. அதனால நண்பர்களோட "மேட்சுக்கு 500"னு பந்தயம் கட்டுற பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்துங்க. அந்த நிமிஷமே அது ரெண்டாவது வகைக்குப் போயிடும்.

"வயசாயிடுச்சு அண்ணா"

மெயிலோட கடைசியில தம்பி இதையும் எழுதியிருந்தார். 34 வயசுல! ஹாங்சோ ஆசிய விளையாட்டுல, 2023 செப்டம்பர்ல, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 பதக்கப் போட்டியா நடந்தது. இந்தியா சார்புல மயங்க் பிரஜாபதி, அயன் பிஸ்வாஸ் ரெண்டு பேரும் போனாங்க. தங்கம் வாங்கினது தென் கொரியாவோட கிம் குவான்-வூ. இறுதிப் போட்டியில 4-3. அவருக்கு அப்ப வயசு 44.

இதைச் சொல்றதுக்குக் காரணம் நீங்களும் பதக்கம் வாங்கணும்னு இல்ல. வாரம் 4 மணி நேரத்துல அது நடக்காது. "இதுல கேரியர் பாக்கலாமா?"ன்னு கேட்டா என் பதில் இல்லங்கிறதுதான். ஆனா விரல் வேகம் போயிடுச்சு, இனிமே கத்துக்க முடியாதுங்கிறது சாக்கு. உங்களுக்குப் போனது வயசு இல்ல, தூக்கம்.

அஞ்சு காயின் முறை

2024-ல் நான் திரும்ப ஆட ஆரம்பிச்சேன். வீட்டுல பேசி, சம்மதம் வாங்கித்தான். இந்தத் தடவை ஜாம்பஜார் கடைக்காரரை வீட்டுக்கே கூட்டிட்டு வந்தேன். இப்படி:

- செவ்வாய், வியாழன், சனி. ராத்திரி 9:30-க்கு மேல, பொண்ணு ஹோம்வொர்க் முடிஞ்சதும்.
- முதல் 15 நிமிஷம் பயிற்சி. ஏதாவது ஒரே ஒரு விஷயம்.
- மேசை மேல அஞ்சு ஒரு ரூபாய் நாணயம். ஒரு செட் தோத்தா ஒரு நாணயம் உண்டியலுக்குப் போகும். ஜெயிச்சா அப்படியே இருக்கும்.
- அஞ்சும் போச்சுன்னா கேம் ஆஃப். மணி 11 ஆனாலும் ஆஃப். மிச்ச நாணயம் அடுத்த நாளைக்குச் சேராது.

கணக்கு எப்படி வருதுன்னு பாருங்க. வெற்றி 50% பக்கம் நிக்கும்னு சொன்னேன்ல? அப்ப அஞ்சு தோல்வி வர்றதுக்கு சராசரியா 10 செட் ஆகும். ஒரு செட் ஆறரை நிமிஷம்னா 65 நிமிஷம். பயிற்சியோட 80 நிமிஷம். வாரம் மூணு நாள், சரியா 4 மணி நேரம்.

இதுல அழகு என்னன்னா, தலை தெளிவா இருக்கிற நாள்ல ஆட்டம் தானா நீளும். தலை சரியில்லாத நாள்ல தொடர்ந்து அஞ்சு தோத்து அரை மணி நேரத்துல முடிஞ்சிடும். முன்னாடி நான் ஆடினது நேர் தலைகீழ். மோசமான நாள்லதான் அதிக நேரம் உக்காந்திருந்தேன். ஆப்ஷன்லயும் அதேதான் பண்ணினேன். ஸ்டாப் லாஸ் பத்தி நூறு வீடியோ பாத்தும் எனக்குப் புரியாதது, உண்டியல்ல 'டங்'னு விழுற ஒரு ரூபாய்ல புரிஞ்சது.

மனசுல எண்ணிக்கலாமே, நிஜ நாணயம் எதுக்குன்னு கேப்பீங்க. நான் மனசுல எண்ணிப் பாத்தேன். அஞ்சாவது தோல்விக்கு அப்புறம் மனசுக்கு எண்ணத் தெரியல.

ரேங்க்? ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, பிளாட்டினத்துல நிக்கிறேன். மெதுவாதான். ஆனா காலையில எரிஞ்சு விழுறதில்ல.

யாருக்கு "வேண்டாம்"னு சொல்வேன்?

எல்லாருக்கும் இது பொருந்தாது. கிரெடிட் கார்டு பாக்கியை மினிமம் டியூ கட்டி உருட்டிக்கிட்டிருந்தீங்கன்னா, அது முடியற வரைக்கும் கேமுக்கு ஒரு ரூபாய் செலவு பண்ணாதீங்க. கையில இருக்கிற கேமை ஆடுங்க, புதுசா எதுவும் வேண்டாம். மூணு மாசச் செலவுக்கு அவசர நிதி இல்லன்னா, முதல்ல அது. டேர்ம் இன்ஷூரன்ஸ், மெடிக்கல் இல்லாம கன்சோலுக்கு இ.எம்.ஐ. கட்டுறவங்களைப் பாத்தா எனக்கு வயித்தைக் கலக்குது. அஞ்சு காயின் முறையை மூணு வாரம் முயற்சி பண்ணியும் உங்களால எழுந்திருக்க முடியலன்னா, பிரச்சினை நேரத்துல இல்ல. கொஞ்ச நாள் கன்ட்ரோலரை பீரோ மேல வைங்க. வெச்சுட்டு, தயவு செஞ்சு, என்னை மாதிரி டிரேடிங் பக்கம் போகாதீங்க.

இது எல்லாம் சரியா இருக்கிற ஒருத்தருக்கு, எஸ்.ஐ.பி. போயிட்டு இருக்கு, இன்ஷூரன்ஸ் இருக்கு, வீட்டுல சம்மதம் இருக்குன்னா, அந்த 4 மணி நேரம் அவருடையது. அதுக்கு வருமானம் காட்டணும்னு எந்த அவசியமும் இல்ல. நாம எதுக்குத்தான் பணம் சேக்கிறோம்? பிடிச்சதைச் செய்ய நேரம் வேணும்னுதானே. கையில இருக்கிற அந்த நேரத்தைப் பணத்துக்கு வித்துட்டு, அறுபது வயசுல திரும்ப வாங்கிக்கலாம்னு நினைக்கிறது எந்தக் கணக்குலயும் லாபம் வராத வியாபாரம்.

ஆக தம்பி, கேமை விடாதீங்க. அஞ்சு நாணயம் எடுத்து மேசை மேல வைங்க.

ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும். எங்க வீட்டு உண்டியல் பொண்ணோடது. மாசக் கடைசியில எண்ணினா அறுபது ரூபாய் பக்கம் வரும். அதனால அவ இப்பல்லாம் எதிராளிக்குத்தான் கை தட்டுறா. போன சனிக்கிழமை நான் நல்ல ஃபார்ம்ல இருந்தேன். தூங்கப் போறதுக்கு முன்னாடி வந்து எட்டிப் பாத்துட்டு, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு, "என்னப்பா, இன்னும் ஒண்ணு கூட தோக்கலையா?"ன்னு கேட்டா.

சேமிப்புப் பழக்கம் நல்லாதான் வருது.

*(மேல சொன்னது என் சொந்த அனுபவமும் கருத்தும்தான். முதலீட்டு ஆலோசனை இல்ல. உங்க நிலைமைக்கு ஏத்த மாதிரி முடிவெடுங்க. காயின் முறையை முயற்சி பண்ணினவங்க எத்தனை வாரம் தாக்குப் பிடிச்சீங்கன்னு எழுதுங்க, அடுத்த வீடியோவுல பேசுவோம்.)*